ஞாயிற்றுக்கிழமை போனில் நடு ஆள்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் "ம்" என்று ஒரு சத்தம் வரும். சொன்ன வேலை நடக்காது, ஆனால் "ம்" வந்துவிடும். இப்போது பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டு நானே கூடத்தில் சும்மா நிற்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நம் காலனி சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். காலமானவர்களைப் பற்றி வீட்டுக்காரர்களே எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் வந்து கேட்டார். "சாரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை இருந்தா போதும்மா" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன். சேலையூர் முழுக்கப் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் வருஷத் திதி முடிந்தது. செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை, அமெரிக்காவிலேயே ஒரு கோயிலில் வைத்துச் செய்துவிட்டான். இங்கே மாலதியும் மாப்பிள்ளையும் படப்பையிலிருந்து விடியும் முன்பே வந்து எல்லா வேலையும் பார்த்தார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே. ஆளுக்கொரு அப்பாவுக்குத் திதி கொடுத்த மாதிரி இருந்தது. மாலதியின் மகள், உங்கள் பேத்தி யாழினி நன்றாகப் பேசுகிறாள். தாத்தா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுகிறாள்.

அவளுக்குத் தை மாதம் மொட்டையடித்துக் காது குத்துவதாக இருக்கிறது. மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயிலில். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமனைக் கூடப் பிறந்தவள் தன் வாயால் அழைக்க வேண்டும். நான் கூப்பிட்டால் செல்லாது, மாப்பிள்ளை கூப்பிட்டாலும் செல்லாது. நம் பக்கத்தில் அதுதான் முறை, உங்களுக்குத் தெரியாததில்லை. இப்போது மாலதி சொல்கிறாள், "அவன் முதல்ல என்கிட்டப் பேசட்டும், அப்புறம் நான் கூப்பிடறேன்." செந்தில் சொல்கிறான், "அவ வாயால ஒரு வார்த்தை வரட்டும்மா, அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்."

நடுவில் நான்.

மாப்பிள்ளை வீட்டில் மெதுவாக ஆரம்பித்துவிட்டார்கள். மாமன் முறைக்கு வேறு யாராவது உட்காரட்டுமே என்று. சொந்த மாமன் உயிரோடு இருக்கும்போது குழந்தையை இன்னொருவர் மடியில் வைத்துக் காது குத்தினால், அதற்குப் பிறகு இந்த இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் பேச மாட்டார்கள். செந்திலுக்கு அது பெரிய அவமானம். மாலதிக்கு அது பெரிய வைராக்கியம். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

படிக்கிறவர்களுக்கு என்ன சண்டை என்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் இருந்தபோது செந்தில் கடைசியாக வந்திருந்த சமயம், ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு. மாப்பிள்ளை குமார் ஒரகடத்தில் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து அப்படியே யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றும் நேரத்தில் செந்தில், "எத்தனை நாளைக்கு மாப்ள இப்படி ஷிஃப்ட்லயே சுத்துவீங்க? ரெஸ்யூமே அனுப்புங்க, நான் பார்க்கறேன்" என்றான். அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். மாலதி மட்டும் எழுந்து நின்றாள். "என் புருஷன் உன்கிட்ட வேலை கேட்டாரா?" அவன், "நல்லதுக்குச் சொன்னா உனக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது?" என்றான். அவ்வளவுதான். பாயசம் அப்படியே இருந்தது.

அந்தத் தடவைதான் அவன் அந்த இன்டர்நெட் போன் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தான். நமக்கு ஒன்று, மாலதிக்கு ஒன்று. பிராட்பேண்டில் செருகிவிட்டால் சாதாரண டெலிபோனிலேயே அமெரிக்காவுக்கும் படப்பைக்கும் காசில்லாமல் பேசலாம். "அவன் குடுத்த பெட்டி எனக்கு வேண்டாம்" என்று மாலதி திருப்பிக் கொடுக்க வந்தாள். "அவன் எங்க குடுத்தான்? ரெண்டுமே நான் காசு குடுத்து வாங்கிட்டு வரச் சொன்னது" என்றீர்கள். சட்டென்று, கண் சிமிட்டாமல். முதல் பொய் அதுதான். ரிட்டயர் ஆனவர், பேப்பர் படித்து முடித்தால் வேறு வேலை இல்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தை நீங்கள் ராமாயணம் மாதிரி உட்கார்ந்து படித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்தப் புத்தகத்திலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வித்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செந்தில் கூப்பிடுவான், அங்கே சனிக்கிழமை ராத்திரி. பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் 'பீப், பீப்' என்று கேட்கும். அது மாலதி. போனில் இருக்கும் ஃப்ளாஷ் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினால் அவன் ஹோல்டில் நிற்பான், இவள் வருவாள். இன்னொரு அழுத்து, இவள் நிற்பாள், அவன் வருவான். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நிறுத்தி வைப்பதற்குக்கூட நீங்கள் உண்மையைச் சொன்னதில்லை. "இருப்பா, வாசல்ல தபால்காரர்" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏதுங்க தபால்காரர்?

மாலதியிடம் போவீர்கள். "அண்ணன் இப்பதான் பேசினான். பாப்பாவுக்குச் சளி சரியாச்சான்னு கேட்டான். சித்தரத்தை குடுக்கச் சொன்னான்." மறுபடி ஒரு அழுத்து. "செந்திலு, மாலு கேட்டாடா. அங்க பனி கொட்டுதாமே, வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கப்பான்னா." அவன் கேட்டிருக்க மாட்டான், அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். போனை வைத்த பிறகு, "நாரதர் மூட்டிவிடத்தான் செய்வார், நீங்க ஒட்டவைக்கிற நாரதர்" என்று கேலி செய்வேன். நீங்கள் காதைத் தேய்த்துக்கொண்டு, "காப்பி இருக்கா?" என்பீர்கள்.

உங்கள் வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர்கள் இருவரையும் நீங்கள் நேராகச் சேர்த்துவிடவில்லை. அந்தப் பெட்டியில் அதற்கும் வழி இருந்தது. மூன்று பேரும் ஒரே லைனில் பேசலாம். நான் கேட்டிருக்கிறேன். "இப்ப வேணாம் சரோ, கொஞ்சம் ஆறட்டும்" என்றீர்கள். ஆறட்டும், ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா?

நீங்கள் போன பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மாலதி ஒரு நாள் அழுதாள். "அப்பா இருந்த வரைக்கும் அண்ணன் வாராவாரம் பாப்பாவை விசாரிப்பான். இப்ப ஒரு வார்த்தை கேக்கறானா பாரும்மா. அப்பாவுக்குப் பயந்துகிட்டுத்தான் கேட்டிருக்கான்." அடுத்த வாரம் செந்தில் அதையே வேறு மாதிரி சொன்னான். "மாலு முன்னல்லாம் ஜாக்கிரதையா இருன்னு சொல்லுவா. அப்பா போனதும் அதுவும் நின்னு போச்சு." இரண்டு பேருக்கும் நான் என்ன பதில் சொல்வது? அவன் கேட்டதே இல்லையடி என்றால், இருந்த கொஞ்சமும் போய்விடும். சொல்லாமல் இருந்தால், நீங்கள் இருந்தபோது இருந்த அன்பு இப்போது இல்லை என்று ஆகிறது. உங்கள் நல்ல மனசு என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

உங்களைப் போலச் செய்து பார்த்தேன். "அண்ணன் கேட்டான்டி" என்றேன். "என்ன கேட்டான்?" என்றாள். "பொதுவா" என்றேன். "பொதுவான்னா?" உங்களுக்கு வழவழவென்று வருகிற பொய் எனக்குத் திக்கித் திக்கி வருகிறது. "விடும்மா, உனக்கு வராது" என்று அவளே சொல்லிவிட்டாள்.

சரி, நேராகவே சேர்த்துவிடுவோம் என்று தோன்றியது. மாடியில் குடியிருக்கும் ரேவதியைக் கூப்பிட்டுக் கேட்டேன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறாள், பொறுமையான பெண். நான் நினைத்தது இதுதான். இருவரையும் ஒரே லைனில் சேர்த்துவிட்டு நான் மெதுவாக ரிசீவரை வைத்துவிட வேண்டும். அம்மா நடுவில் இல்லையென்றால் இரண்டும் பேசித்தானே ஆக வேண்டும்?

"அது முடியாது ஆன்ட்டி" என்றாள் ரேவதி. "ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கறது உங்க வீட்டுப் பெட்டிதான். நடுவுல இருக்கற நீங்க வெச்சிட்டீங்கன்னா அவங்க ரெண்டு பேருக்கும் கட்டாயிடும்."

"வேற வழியே இல்லையாம்மா?"

"இருக்கு. நீங்க வெச்சாலும் அவங்க பேச்சு நிக்காத மாதிரி உள்ள ஒரு செட்டிங் மாத்தலாம். ஆனா அதுக்கு அங்கிள் போட்ட பாஸ்வேர்டு வேணும்."

உட்கார்ந்து முயற்சி செய்தோம். உங்கள் பிறந்த தேதி, பிள்ளைகள் பேர், பேத்தி பேர், நம் வீட்டு நம்பர். எதுவும் இல்லை. என் பேரையும் போட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை. அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாமாம், ஆனால் லைனே போய்விட்டாலும் போய்விடும் என்றாள். எனக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிற ஒரே கயிறு அது.

எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒருவர் பேசும்போது ஃப்ளாஷை அழுத்தி, இன்னொருவர் நம்பரைப் போட்டு, எடுத்ததும் மறுபடி ஃப்ளாஷ்.

போன ஞாயிற்றுக்கிழமை செய்தேன். செந்தில் வழக்கம்போலக் கூப்பிட்டான். குளிர், வேலை, முதுகுவலி. "இருப்பா, ஒரு நிமிஷம்" என்று அழுத்தினேன். மாலதிக்குப் போட்டேன். "சொல்லும்மா" என்றாள். மறுபடி அழுத்தினேன். எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு பேரும் இருக்கீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

எங்கள் மூன்று பேர் மூச்சும் கேட்டது. வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மாலதிதான் முதலில் பேசினாள், சண்டைக்காகத்தான்.

"அப்பா இருந்தப்ப வாராவாரம் பாப்பாவைக் கேப்ப. இப்ப என்னாச்சு? அப்பாவோட சரியா?"

"நான் எப்பக் கேட்டேன்?" என்றான். பிறகு அவனே, "நீதான் பனில வண்டி ஓட்டாதேன்னு சொல்லி அனுப்புவ. அது ஏன் நின்னுச்சு?"

"நான் சொன்னேனா? எப்போ?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. எனக்கு உங்கள் முகம்தான் கண்ணில் நின்றது. உங்களை யாரோ எல்லார் முன்னாலும் பிடித்துவிட்ட மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, இருக்கியா?" என்றான் செந்தில். "அப்பா எல்லாத்தையும் அவராவே சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. ரிசீவரை வைத்துவிடலாம் போல இருந்தது. வைத்தால் இருவருக்கும் கட்டாகிவிடும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"அப்ப நீ என்னைப் பத்தி ஒரு தடவைகூடக் கேக்கலையா?" மாலதியின் குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அவன் சொன்னான். "கேக்கணும்னுதான் நினைப்பேன் மாலு. அதுக்குள்ள அப்பாவே சொல்லிடுவாரு. பாப்பாவுக்குச் சளி, நீ வேலை மாத்தினது, எல்லாம். கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

கேட்டீர்களா? அவர்களைக் கேட்கவே விடவில்லை நீங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் மாலதி. மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பக்கம் யாழினி ஏதோ கேட்பது தெரிந்தது. மாலதி, "அண்ணா" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. "அண்ணா, தை மாசம் பாப்பாவுக்கு…" என்று ஆரம்பித்தாள்.

கரண்ட் போய்விட்டது.

ஆமாங்க. நம்ம ஏரியா கரண்ட். மின்விசிறி நின்றது, பெட்டியில் இருந்த விளக்குகள் எல்லாம் அணைந்தன, காதில் ஒன்றும் இல்லை. நான் ஃப்ளாஷை அழுத்திக்கொண்டே இருந்தேன், பைத்தியம் மாதிரி. வெளியே யாரோ, "இன்னாப்பா, ஞாயித்துக்கெயமையும் கரண்ட எட்த்துட்டானா? ஒரே பேஜாரு!" என்று கத்திக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. அவள் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டதுங்க. பாதி வந்துவிட்டது.

கூடத்தில் இருக்கும் பழைய லேண்ட்லைன் போனுக்குக் கரண்ட் வேண்டாமே, அதில் மாலதி கூப்பிட்டாள். "என்னம்மா ஆச்சு, அவன் வெச்சிட்டானா?" என்றுதான் முதல் கேள்வி. கரண்ட் என்றேன். "அவன் குரல் ஏன் அப்படி இருக்கு? முதுகு ரொம்ப வலிக்குதாமா? டாக்டர்கிட்டப் போனானா?" என்றாள். கரண்ட் வந்து பெட்டி கண் விழித்ததும் செந்தில் கூப்பிட்டான். "அவ என்னமோ சொல்ல வந்தாளேம்மா, என்ன? பாப்பா நடுவுல பேசினாளே, என்ன கேட்டா?" என்றான்.

நீங்கள் இத்தனை வருஷம் கேட்டதாகச் சொன்னதையெல்லாம் அன்றைக்குத்தான் நிஜமாகக் கேட்டார்கள். இரண்டு பேரும். ஆனால் என்னிடம் கேட்டார்கள்.

அந்த நிமிஷம் எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? 'காது குத்துக்கு உன்னைக் கூப்பிடத்தான்டா வந்தா' என்று சொல்லிவிட்டால் அவன் டிக்கெட் போட்டிருப்பான். அது பொய்கூட இல்லை. ஆனால் நான் சொன்னால் அது என் அழைப்பு. அவளுடையது ஆகாது. கோயிலில் வந்து நிற்கும்போது, "நான் எங்க கூப்பிட்டேன்?" என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதனால், "எனக்கு எப்படிப்பா தெரியும், அவளையே கேளு" என்றேன். மாலதியிடமும் அதையேதான் சொன்னேன். இரண்டு பேரும், "ம், பார்க்கறேன்" என்றார்கள்.

அவன் பார்த்தானாம். நடுவாரத்தில் ஒரு தடவை அவளுக்குக் கூப்பிட்டிருக்கிறான். அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம், எடுக்கவில்லை. "திருப்பிக் கூப்பிடேன்டி" என்றால், "அவனே இன்னொரு தடவை போடட்டுமே" என்கிறாள். அவனைக் கேட்டால், "போட்டேம்மா, அவ எடுக்கல" என்கிறான். கோயிலில் நாள் குறிக்கச் சொல்லி மாப்பிள்ளையின் அப்பா இரண்டு தடவை பேசிவிட்டார். நான் என்னங்க செய்வேன்? ஒவ்வொன்றும் உங்களை மாதிரியே வந்து பிறந்திருக்கிறது. வாய் திறந்து தனக்காக ஒன்று கேட்காது.

உங்களிடம் யோசனை கேட்க வழியில்லை. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பேரையும் மறுபடி ஒரே லைனில் சேர்ப்பேன். அவள் கூப்பிடுவாளா, அவன் வருவானா, யாழினி யார் மடியில் உட்காருவாள், எதுவும் என் கையில் இல்லை. அவர்களுக்காக நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்க மாட்டேன். சண்டை போட்டாலும், சும்மா இருந்தாலும், அழுதாலும் நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் அவர்கள் வைக்கிற வரைக்கும் நான் ரிசீவரை வைக்க மாட்டேன். அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி.

செந்திலுக்கும் மாலதிக்கும் நடுவில் நின்றுகொண்டு,
உங்கள் மனைவி
சரோஜா